அத்தியாயம் 6: சோறு வைக்கும் கையே கூண்டும் வைக்கட்டும்

தெருப் பூனைகளையும் குட்டிகளையும் பார்த்துக்கொள்ளும் முறை

சேந்தமங்கலத்தில் எலி எங்கே உண்டோ அங்கே பூனையும் உண்டு. ஓட்டு வீட்டின் விட்டம், மாட்டுக் கொட்டகைப் பரண், மளிகைக் கடையின் பின்கட்டு, மரவள்ளி மாவு காயும் ஜவ்வரிசி ஆலைக் களம், கோழிப்பண்ணையின் தீவனக் கிடங்கு என எங்கும் அது குடியிருக்கும். யாருடைய பூனை என்று கேட்டால், "எங்கூட்டுப் பூனை இல்லைங்க, சும்மா வந்து போகும்" என்ற பதில்தான் நாலு வீட்டிலும் வரும். ஆனால் அந்த நாலு வீட்டிலும் அதற்குச் சோறு கிடைக்கும்.

உரிமைக்காரர் இல்லாத, ஆனால் தெருவே அறிந்த இந்தப் பூனைகளுக்கானது இந்த அத்தியாயம். சோறு வைப்பவர், சாலையோரம் கத்திய குட்டியைக் கையில் எடுத்துவிட்டு என்ன செய்வதென்று விழிப்பவர், இரவெல்லாம் கூரைமேல் நடக்கும் சண்டையில் தூக்கம் கெட்டவர் மூவருக்கும் இதில் வேலை இருக்கிறது. மூவருக்கும் பொதுவான விதி ஒன்றுதான்: சோறு வைப்பவரே கருத்தடைக்கும் பொறுப்பேற்க வேண்டும். சோறு மட்டும் வைத்துக்கொண்டே போனால், அடுத்த ஆண்டு அதே வாசலில் பசியோடு நிற்கும் வாய்கள் கூடியிருக்கும்.

1. முதலில் கணக்கெடுப்பு

கையில் ஒரு நோட்டுப் புத்தகம் போதும். பூனைகள் அதிகம் நடமாடுவது விடியற்காலையிலும் விளக்கு வைக்கும் நேரத்திலும்தான். ஒரு வாரம் அந்த இரண்டு வேளையும் தெருவைப் பார்த்து, ஒவ்வொரு பூனைக்கும் ஒரு வரி எழுதுங்கள்: நிறமும் அடையாளமும், கடுவனா பெட்டையா, வளர்ந்ததா குட்டியா, உடல்நிலை, தொட விடுமா விடாதா. கைப்பேசியில் ஒரு படமும் எடுத்து வைத்தால் இரண்டு சாம்பல் பூனைகளை ஒன்றாக எண்ணும் குழப்பம் வராது.

தூரத்திலிருந்தே கடுவனா பெட்டையா என்று அறியச் சில வழிகள் உண்டு. வெள்ளை, கறுப்பு, செம்மஞ்சள் மூன்றும் கலந்த முக்கலர்ப் பூனை கிட்டத்தட்ட எப்போதும் பெட்டைதான். முழுச் செம்மஞ்சள் பூனைகளில் கடுவன்கள் அதிகம். கருத்தடை ஆகாத கடுவனுக்குக் கன்னம் தடித்து முகம் அகன்றிருக்கும், காதில் சண்டைத் தழும்பு இருக்கும். வயிற்றுப் பக்கம் முலைக்காம்பைச் சுற்றி முடி உதிர்ந்து தெரிந்தால் எங்கோ பால்குடிக் குட்டிகள் இருக்கின்றன என்று பொருள். குட்டிப் பூனைக்கு வயிறு மட்டும் பானைபோல் இருந்தால் அநேகமாகக் குடற்புழு.

நோட்டில் பெட்டைகளின் வரியை அடிக்கோடிடுங்கள். நம் வேலை அங்கிருந்துதான் தொடங்குகிறது. பெட்டைப் பூனை 4, 5 மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடும். சினைக்காலம் 63 முதல் 65 நாள். தையில் பிறந்த பெட்டைக்குட்டி ஆவணியில் தாயாகிவிடலாம். குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி சினை பிடிக்கும். நம்மூர்போல் ஆண்டு முழுதும் வெயில் அடிக்கும் நாட்டில் இதற்குத் தனிப் பருவகாலமும் கிடையாது. ஆண்டுக்கு 2 அல்லது 3 ஈற்று, ஒவ்வொன்றிலும் 3 முதல் 5 குட்டி என்று போட்டுப் பாருங்கள். ஒரு கடுவன் மிஞ்சினாலும் தெருவின் பெட்டைகள் எல்லாம் சினையாகிவிடும் என்பதால், முதல் பணமும் முதல் உழைப்பும் பெட்டைக்கே போகட்டும்.

2. சோறு வைக்கும் முறை

இடமும் நேரமும் மாறக்கூடாது. அடுத்த வீட்டு வாசல், வண்டி நிறுத்தும் இடம், பிள்ளைகள் விளையாடும் இடம், கோயில் படிக்கட்டு இவற்றை விட்டு விலகி ஒரு மூலையைத் தேர்ந்தெடுங்கள். நாய்க்கு எட்டாத மதில் மேலோ, தாழ்ந்த ஓட்டின் மேலோ வைப்பது இன்னும் நல்லது. தட்டு வைத்த 20 நிமிடத்தில் மிச்சத்தை எடுத்துக் கழுவிவிடுங்கள். எறும்பும் ஈயும் நாயும் எலியும் வந்த பிறகுதான் அக்கம்பக்கத்தில் சண்டை ஆரம்பிக்கிறது. நேரம் தவறாமல் வைப்பதில் இன்னொரு லாபம் உண்டு: பிற்பாடு கூண்டு வைக்கும் நாளில் எந்தப் பூனை எத்தனை மணிக்கு வரும் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.

பூனை அசைவப் பிராணி. வெறும் மோர்ச்சோறும் ரசச்சோறும் வயிற்றை நிரப்பும், உடம்பைத் தேற்றாது. இறைச்சி, மீன், முட்டை இவற்றில் உள்ள டாரின் என்ற சத்து நெடுநாள் கிடைக்காவிட்டால் பூனைக்குக் கண்பார்வை போகும், இதயம் பலவீனமாகும். நாய்த்தீவனத்தில் இந்தச் சத்து பூனைக்குப் போதுமான அளவில் இருக்காது. நாமக்கல் வட்டாரத்தில் இருப்பவருக்குக் கைக்கு எட்டும் தீர்வு முட்டை. கடைகளில் விலை குறைத்துக் கொடுக்கும் கீறல் முட்டையை நன்றாக வேகவைத்து, மசித்து, ஒரு பிடி குழைந்த சோற்றோடும் வேகவைத்த மீன் அல்லது கோழித் துண்டோடும் பிசைந்து வைக்கலாம். பச்சை முட்டை வேண்டாம். உப்பு, மிளகாய், எண்ணெய் எதுவும் வேண்டாம். சின்ன வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும் என்பதால், வெங்காயம் போட்ட மிச்சக் குழம்பைச் சோற்றில் ஊற்றி வைக்காதீர்கள்.

பாலைப் பற்றிய நம்பிக்கையையும் விட்டுவிட வேண்டும். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்கு மாட்டுப்பால் செரிக்காது, பேதியாகும். அதற்கு வேண்டியது தண்ணீர். பங்குனி, சித்திரை வெயிலில் வாயகன்ற மண் சட்டியில் நிழலில் தண்ணீர் வைத்துத் தினமும் மாற்றுங்கள்.

கோழிப்பண்ணைக்காரர்களுக்குத் தனியாக ஒரு சொல். செத்த கோழியைப் பூனைக்கு வீசுவது இந்த வட்டாரத்தில் சாதாரணமாக நடக்கிறது. கறிக்கடைக் கழிவுக்கும் பச்சையாகவே பூனைகள் காத்திருக்கின்றன. பறவைக் காய்ச்சலின் எச்5என்1 கிருமி பூனைகளைத் தாக்கிக் கொல்லக்கூடியது. 2023 கோடையில் போலந்தில் பல இடங்களில் வீட்டுப் பூனைகள் இதற்குப் பலியாயின. 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் பூனைகளிடம் இந்தக் கிருமி கண்டறியப்பட்டது. ஆகவே செத்த கோழி குழிக்குத்தான் போக வேண்டும். கறிக்கழிவு எதுவானாலும் வேகவைத்த பிறகே பூனைக்கு. எலும்பு வெந்தபின் கூர்மையாக உடைந்து குடலைக் குத்தும், அதை நீக்கிவிடுங்கள்.

"சோறு போட்டால் எலி பிடிக்காது" என்று கிடங்குக்காரர்கள் சிலர் பூனையைப் பட்டினி போடுவார்கள். அது தவறு. பசியில்லாத பூனையும் வேட்டையாடும். சுண்டெலி, ஓணான், குருவிதான் அதற்குச் சுலபம். பெருச்சாளி அளவுள்ள எலியிடம் அது அவ்வளவாக மோதுவதில்லை. 2018இல் வெளியான நியூயார்க் ஆய்வு ஒன்றில், எலிகள் நிறைந்த ஆலை ஒன்றை 79 நாள் கேமராவில் பார்த்தபோது பூனைகள் கொன்ற எலிகள் இரண்டே. கிடங்கைக் காப்பது தரையைச் சுத்தமாக வைப்பதும் பொந்தை அடைப்பதும்தான். பூனை கூடுதல் துணை, அவ்வளவே.

3. குட்டி கிடக்கிறது, எடுக்கலாமா?

பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் சட்டைக்குள் குட்டியை வைத்துக்கொண்டு வீட்டுக்கு வருவது எந்தத் தெருவிலும் நடப்பது. நல்ல மனசுதான். ஆனால் தனியாகக் கிடக்கும் குட்டிகளில் பெரும்பாலானவற்றுக்குத் தாய் அருகில்தான் இருக்கும். இரைதேடப் போன தாய் சில மணி நேரம் கழித்தும் வரும். அவசரத்தில் எடுக்கும் கை, தாயுள்ள குட்டியை அநாதையாக்கிவிடும்.

நாய், வாகனம், நேர் வெயில், மழை, எறும்பு இவற்றில் ஏதாவது இருந்தால் மட்டும் உடனே எடுத்து, அதே இடத்தின் அருகில் பாதுகாப்பான நிழலில் ஒரு அட்டைப் பெட்டியில் வையுங்கள். ஆபத்தில்லை என்றால் தொடாமல் 30 அடி தள்ளி நின்று பாருங்கள். மனிதர் பக்கத்தில் நின்றால் தாய் வராது. ராத்திரி முழுக்க காவல் இருக்க முடியாதவர்களுக்கு எளிய வழி ஒன்று உண்டு. குட்டிகளைச் சுற்றி ஒரு முழம் தள்ளி வட்டமாகக் கோலமாவு தூவுங்கள். அரிசி மாவாக இருந்தால் எறும்பு மொய்க்கும், கல்மாவுதான் சரி. காலையில் மாவில் பூனைக் கால்தடம் பதிந்திருந்தால் தாய் வந்து போயிருக்கிறது. குட்டிகளின் வயிறு உருண்டு, சத்தமில்லாமல் ஒன்றன்மேல் ஒன்று படுத்துத் தூங்கினால் பால் குடித்திருக்கின்றன. வட்டம் கலையாமல், குட்டிகள் விடாமல் கத்தி, தோல் சுருங்கி, உடம்பு சில்லிட்டிருந்தால் இனி காத்திருக்கக் கூடாது.

மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்று சொல்வார்கள். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. ஆனால் ஆள் நடமாட்டம் கண்டால் இடத்தை மாற்றும். பூனை குட்டியை ஏழு வீடு மாற்றும் என்ற பேச்சு இதிலிருந்து வந்ததுதான். காலையில் மூன்று குட்டி இருந்த இடத்தில் மாலையில் ஒன்று மட்டும் இருந்தால், தாய் பாதி வேலையில் இருக்கிறது என்று கொள்ளுங்கள், அந்த ஒன்றைக் கையில் எடுக்காதீர்கள். தென்கலை வைணவர்கள் சரணாகதிக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லும் மார்ச்சார நியாயம் இந்தக் காட்சிதான்: குட்டி எதையும் பற்றிக்கொள்வதில்லை, தாயே கவ்விப் போகிறது. அந்தக் கவ்வல் தாய்க்கு மட்டும் உரியது. வளர்ந்த பூனையை நாம் பிடரியைப் பிடித்துத் தூக்கினால் அதற்கு வலிக்கும், நமக்கு நகம் கிழிக்கும்.

எத்தனை நாள் குட்டி என்று தெரிந்தால்தான் அடுத்த முடிவு எடுக்க முடியும்:

– தொப்புள் கொடியின் காய்ந்த துண்டு இருந்தால்: பிறந்து 5 நாளுக்குள்.
– கண் திறந்துகொண்டிருந்தால்: 7 முதல் 14 நாள்.
– முன்பல் முளைத்து, தள்ளாடி நடந்தால்: சுமார் 3 வாரம்.
– ஓடி விளையாடினால்: 4, 5 வாரம். நீர்த்த உணவை நக்கத் தொடங்கும்.
– தானே சாப்பிட்டு, மதில் ஏறினால்: 8 வாரம் அல்லது அதற்கு மேல்.

மனிதரோடு பழகும் குணம் 2 முதல் 7 வாரத்துக்குள் படிகிறது. வீடு தேடித் தர நினைப்பவர்கள் இந்தக் காலத்தில் குட்டியைத் தினமும் கையிலெடுத்துப் பழக்க வேண்டும். தாயிடமிருந்து பிரிப்பது 8 வாரம் முடிந்த பிறகு. 4 மாதம் தாண்டி, ஆளைக் கண்டால் சீறும் பூனையை வீட்டுக்குள் அடைப்பது அதற்குத் தண்டனை. அதற்குக் கருத்தடை செய்து அதன் தெருவிலேயே விடுவதுதான் உதவி.

4. தாயில்லாக் குட்டி கைக்கு வந்தால்

முதலில் சூடு, பிறகுதான் பால். மூன்று, நான்கு வாரம் வரை குட்டியால் தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாது. சில்லிட்ட குட்டிக்குப் பால் ஊற்றினால் செரிக்காது, இறந்துபோகும். அட்டைப் பெட்டியில் பழைய பருத்திச் சேலையை மடித்துப் போட்டு, வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றி ஒரு ஓரம் வையுங்கள். சூடு வேண்டுமானால் ஒட்டிக்கொள்ளவும் வேண்டாமென்றால் விலகவும் குட்டிக்கு இடம் இருக்க வேண்டும். மார்கழி இரவில் பாட்டிலை இரண்டு மூன்று முறை மாற்ற வேண்டி வரும். சித்திரைப் பகலில் தகரக் கூரைக்கு அடியில் பெட்டியை வைத்தால் வெப்பமே கொன்றுவிடும்.

மாட்டுப்பால் வேண்டாம். பேதியாகி, நீர் வற்றி, இரண்டு நாளில் குட்டி போய்விடும். பூனைக்குட்டிக்கென்றே பால்மாவு வளர்ப்புப் பிராணிக் கடைகளில் கிடைக்கிறது. சேந்தமங்கலத்தில் கிடைக்காவிட்டால் நாமக்கல்லிலோ சேலத்திலோ வாங்கலாம். அது கைக்கு வரும்வரை என்ன கொடுப்பது என்பதைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

பாலூட்டும் விதத்தில் கவனம் வேண்டும். குழந்தையைப் போல மல்லாத்திப் பிடித்தால் பால் நுரையீரலுக்குள் போய்விடும். துண்டின்மேல் குப்புற, தாயின் வயிற்றில் முட்டி நிற்பதுபோல நிறுத்துங்கள். ஊசி நீக்கிய சிரிஞ்சின் முனையை உதட்டின் ஓரமாக வைத்து, ஒவ்வொரு சொட்டாக, அது நக்கி விழுங்கும் வேகத்துக்கு அழுத்துங்கள். பால் உள்ளங்கையில் விட்டால் இளஞ்சூடாக இருக்க வேண்டும். மூக்கில் நுரை வந்தால் உடனே நிறுத்தி, தலையைத் தாழ்த்தித் துடையுங்கள். 100 கிராம் எடைக்கு ஒரு வேளைக்கு 4 மில்லி என்பது மேல் அளவு. முதல் வாரம் 2, 3 மணி நேரத்துக்கு ஒரு முறை, இரவிலும். இரண்டாம் வாரம் 3, 4 மணி. மூன்று வாரத்துக்குப் பிறகு 5 மணி வரை இடைவெளி விடலாம்.

ஒவ்வொரு முறை பால் கொடுத்த பிறகும், வெந்நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சால் அடிப்பக்கத்தை மெதுவாகத் தட்டித் தடவ வேண்டும். தாய் நக்கிவிடுவதால்தான் குட்டி சிறுநீரும் மலமும் கழிக்கிறது, மூன்று வாரம் வரை தானாகக் கழிக்கத் தெரியாது. இதை விட்டுவிட்டுப் பால் மட்டும் ஊற்றியதால் வயிறு உப்பிச் சாகும் குட்டிகள் உண்டு.

நகை எடை பார்க்கும் சிறு தராசோ சமையலறைத் தராசோ இருந்தால் தினமும் எடை பாருங்கள். பிறக்கும்போது சுமார் 100 கிராம். நன்றாக இருக்கும் குட்டி வாரம் 50 முதல் 100 கிராம் ஏறும். ஒரு நாள் எடை ஏறாவிட்டால் பாலூட்டலைத் திருத்துங்கள், குறைந்தால் மருத்துவரிடம் எடுத்துப்போங்கள். தெள்ளுப்பூச்சிக்கு நாய் மருந்து தெளிக்கக் கூடாது. நாய்க்கான பல மருந்துகளில் உள்ள பெர்மெத்ரின் பூனைக்கு விஷம். வெந்நீர்த் துணியால் துடைத்துப் பேன் சீப்பால் வாரி எடுப்பதே குட்டிக்குப் பாதுகாப்பு.

5. பிடிப்பதும் கருத்தடையும்

இந்த வேலையில் நமக்கு வாய்த்தது பெரிய வசதி. சென்னைக்கு அடுத்து தமிழ்நாட்டின் இரண்டாவது கால்நடை மருத்துவக் கல்லூரி 1985இல் தொடங்கப்பட்டது நாமக்கல்லில்தான். அதன் சிகிச்சை வளாகம் நாமக்கல்லில் மோகனூர் சாலையில் இருக்கிறது. ஊர்க் கால்நடை மருத்துவமனையில் பெரும்பாலும் மாடும் ஆடும்தான் வரும், ஆனால் முதலுதவிக்கும் ஆலோசனைக்கும் அங்கேயே முதலில் கேட்கலாம். அறுவைக்குப் போகுமுன் எந்த நாள், எத்தனை மணிக்கு, எத்தனை பூனை, எவ்வளவு கட்டணம், அன்றே திருப்பித் தருவார்களா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். நாள் கிடைத்த பிறகே கூண்டு வைக்க வேண்டும். பிடித்துவிட்டு மருத்துவரைத் தேடினால் பூனை கூண்டில் வாடும்.

கூண்டு என்பது பெரிய எலிப்பொறிதான். 30 அங்குல நீளம், 10 அங்குல அகலம், 12 அங்குல உயரம், உள்ளே ஒரு மிதிபலகை, மிதித்தால் விழும் கதவு. லாரி பாடி கட்டும் ஊரில் வெல்டிங் பட்டறைக்குப் பஞ்சமில்லை. படம் வரைந்து கொடுத்தால் கம்பி வலையில் செய்து தருவார்கள். முனைகள் உட்பக்கம் துருத்தாமல் தேய்த்துத் தரச் சொல்லுங்கள். தெருவுக்கு ஒன்று என்று நாலு பேர் சேர்ந்து செய்தால் போதும். பழகிய பூனைக்குக் கூண்டே வேண்டாம், கோழி ஏற்றும் பிளாஸ்டிக் கிரேட் போதும்: காற்று போகும், கழுவலாம். அதன் மேல்மூடியை மட்டும் கம்பியால் நாலு இடம் கட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் பேருந்து ஏறுமுன் பூனை தாவியிருக்கும். தீவனச் சாக்கில் கட்டிக் கொண்டுபோவதை அடியோடு விடுங்கள், அதில் மூச்சு முட்டும்.

பிடிக்கும் நாள் இப்படி நடக்கட்டும்:

1. முந்தின நாள் மாலை சோறு வைக்க வேண்டாம். மற்ற வீட்டாரிடமும் சொல்லிவிடுங்கள். இதுதான் பலருக்குத் தவறும் இடம். எதிர்வீட்டு அக்கா இரக்கப்பட்டு வைத்த ஒரு கவளம் போதும், பூனை கூண்டுப் பக்கம் திரும்பாது.

2. வழக்கமாகச் சோறு வைக்கும் இடத்திலேயே கூண்டை வையுங்கள். ஆடாதபடி அடியில் கல் முட்டுக் கொடுங்கள். தரைக் கம்பி காலில் உறுத்தாமல் செய்தித்தாளை விரியுங்கள்.

3. நெத்திலிக் கருவாட்டை வெறும் சட்டியில் வாட்டினால் வாசம் தெரு முழுக்கப் போகும். வாசலில் ஒரு துண்டு, நடுவில் ஒரு துண்டு, மிதிபலகைக்கு அப்பால் ஒரு கொத்து. கருவாடு உப்பு என்பதால் இது தூண்டில் மட்டுமே.

4. விலகி நின்று கண் வைத்திருங்கள். இரவு முழுக்கக் கூண்டை அநாதையாக விட்டால் நாய்கள் சூழ்ந்துவிடும்.

5. கதவு விழுந்ததும் பூனை மோதும், கத்தும். ஓடிப்போய்க் கனத்த போர்வையால் கூண்டை முழுதும் மூடுங்கள். இருட்டானதும் சில நிமிடத்தில் அடங்கும். மூடியபடியே நிழலில் வைத்து, பேசாமல் தூக்குங்கள். கையை உள்ளே விடவே கூடாது.

6. பிடித்தது பால் கொடுக்கும் பெட்டையா என்று பாருங்கள். ஆமென்றால் குட்டிகள் தானே சாப்பிடும் வயதுக்கு வரும்வரை, அதாவது 8 வாரம்வரை, விட்டுவைத்துப் பிறகு பிடியுங்கள். சினையாக இருந்தால் மருத்துவர் முடிவு செய்வார்.

மயக்கத்தில் இருக்கும்போதே ஒரு காதின் நுனியைச் சிறிது வெட்டிவிடச் சொல்லுங்கள். வலி இருக்காது, ஆறிய பிறகு மதில்மேல் போகும் பூனையைத் தூரத்திலிருந்தே "இதற்கு ஆகிவிட்டது" என்று அறியலாம். ஜப்பானில் காதில் சிறு பிளவு வெட்டுவதால், செர்ரிப் பூவிதழ்போல் தெரிகிறதென்று அப்படிப்பட்ட பூனையைச் சகுரா பூனை என்கிறார்கள். அடையாளம் இல்லாவிட்டால் அதே பெட்டையை இரண்டாம் முறை மேசையில் கிடத்தி வயிற்றைத் திறக்க வேண்டி வரும். அதே நாளில் வெறிநாய்க்கடித் தடுப்பூசியையும் போட்டுவிடச் சொல்லுங்கள்.

வீடு திரும்பியதும் கடுவனை ஒரு நாளும், பெட்டையை இரண்டு மூன்று நாளும் இருட்டான, அமைதியான அறையிலோ பெரிய கூண்டிலோ வைத்திருங்கள். மயக்கம் முழுதும் தெளிந்தபிறகே உணவு. தையல் சிவந்து வீங்கினாலோ, ஒரு நாளுக்கு மேல் சாப்பிடாவிட்டாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். பிறகு பிடித்த அதே இடத்தில், விடியற்காலையில், கதவு சாலைக்கு எதிர்ப்பக்கம் இருக்கும்படி திறந்துவிடுங்கள். கடுவனுக்குக் கருத்தடை ஆன பிறகும் சில வாரங்களுக்குச் சினைப்படுத்தும் திறன் மிச்சமிருக்கும். பிறகு மணம் பீய்ச்சுவதும் இரவுச் சண்டையும் வெகுவாகக் குறையும்.

பிடித்த பூனைகளைக் கொல்லிமலை அடிவாரத்திலோ சந்தைமேட்டிலோ விட்டுவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். பழகாத இடத்தில் உணவு தெரியாமல் அது செத்துப்போகும், அல்லது திரும்பி வரும் வழியில் வண்டியில் அடிபடும். இங்கே காலியான இடத்துக்கு அடுத்த தெருப் பூனை வந்து குட்டி போடும். இத்தாலி 1991இலேயே சட்டம் போட்டு, தெருப் பூனைக் கூட்டங்களை விரட்டாமல் கருத்தடை செய்து அதே இடத்தில் விடும் முறைக்கு வந்துவிட்டது.

6. நோயும் நஞ்சும் நகக்கீறலும்

குட்டிகளைக் கூட்டமாகக் கொல்வது பான்லூக்கோபீனியா. திடீரென்று சுருண்டு படுப்பது, வாந்தி, பேதி, தண்ணீர்ப் பாத்திரத்தின்மேல் தலையைத் தொங்கவிட்டு உட்கார்வது இதன் அறிகுறிகள். அந்தக் கிருமி மண்ணிலும் பெட்டியிலும் ஓராண்டு வரை உயிரோடிருக்கும். நோய்ப்பட்ட குட்டி படுத்த அட்டையை எரித்துவிடுங்கள். தரையை 1 பங்கு பிளீச்சுக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து கழுவுங்கள். தடுப்பூசி போடாத வேறு குட்டியை அதே அறைக்குக் கொண்டுவராதீர்கள். வீட்டுக்கு எடுக்கும் குட்டிக்கு 8 வாரத்தில் முத்தடுப்பூசியும், 3 மாதத்தில் வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் போடலாம்.

காய்ச்சலென்று பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். மனிதருக்குச் சாதாரணமான அந்த மாத்திரை ஒன்றே பூனையைக் கொல்லப் போதும். எலிமருந்து வைத்த வீட்டில், மருந்து தின்ற எலியைத் தின்று பூனை சாவதும் உண்டு. கருத்தடைப் பூனைகள் உள்ள தெருவில் பசை, கேக் எதுவும் வேண்டாம், பொறி வைக்கச் சொல்லுங்கள்.

கீறலையும் கடியையும் லேசாக எண்ணக் கூடாது. பூனைக்கும் வெறிநோய் வரும், பூனையிடமிருந்து மனிதருக்கும் வரும். காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சளோ சுண்ணாம்போ அப்ப வேண்டாம், கட்டும் போட வேண்டாம். அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ போங்கள், ஊசி இலவசம். தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாட்கள். ஒன்றையும் விடக்கூடாது. இரத்தம் வரும்படி ஆழமாகக் கடித்திருந்தால் காயத்திலேயே செலுத்தும் இம்யூனோகுளோபுலினும் தேவை, மருத்துவரிடம் கேளுங்கள். குட்டிகளிடமிருந்து பிள்ளைகளுக்குப் படர்தாமரை ஒட்டும், அதனால் தொட்ட பிறகு கைகழுவல் கட்டாயம். கர்ப்பிணிகள் பூனைக் கழிவை அள்ளும் வேலையை வேறொருவரிடம் கொடுத்துவிட வேண்டும்.

7. அக்கம்பக்கத்தாரும் சட்டமும்

"ஏனுங்க, நீங்க சோறு போட்டுப் போட்டுத்தான் இத்தனை பூனை கூடிப்போச்சு" என்று ஒருவர் வந்து நின்றால் வாதாட வேண்டாம். அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. நோட்டை எடுத்துக் காட்டுங்கள்: "ஆமாங்கக்கா, பெட்டை ஆறு இருக்குது, நாலுக்கு ஆபரேசன் ஆயிருச்சு, இன்னும் ரெண்டுதான். அடுத்த வாரம் கூண்டு வைக்கிறேன், அன்னைக்கு மட்டும் நீங்க சோறு வைக்காம இருந்தாப் போதும்." புகார் சொல்ல வந்தவர் பாதிப்பேர் கூண்டு தூக்கவும் வருவார்கள். கழிவு நாற்றம் என்று சொன்னால், உங்கள் வீட்டுப் பக்கம் ஒரு மூலையில் மணல் கொட்டி வாரம் இருமுறை அள்ளிப் போடுங்கள். பூனை மணலைத்தான் தேடிப் போகும்.

சட்டம் எந்தப் பக்கம் என்று இருவருமே தெரிந்துகொள்வது நல்லது. 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி, பசியிலோ தாகத்திலோ துன்புறும்படி ஒரு விலங்கைக் கைவிடுவது குற்றம். அபராதத் தொகை சிறியதுதான். ஆனால் விலங்கைக் கொல்வதும் விஷம் வைப்பதும் முடமாக்குவதும் 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவில் 5 ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரியவை. 2023ஆம் ஆண்டின் விலங்குகள் கருத்தடை விதிகளில் 20ஆம் விதி, தெரு விலங்குகளுக்கு உணவு வைக்கும் இடத்தையும் நேரத்தையும் குடியிருப்போரோடு பேசி முடிவு செய்யச் சொல்கிறது. பிள்ளைகள் விளையாடும் இடத்தையும் படிக்கட்டையும் தவிர்க்கவும், இடத்தைச் சுத்தமாக வைக்கவும் சொல்கிறது. சோறு வைப்பவருக்கு உரிமையும் கடமையும் ஒன்றாகவே தரப்பட்டிருக்கின்றன.

தெரு முழுவதையும் ஒரே மாதத்தில் திருத்திவிடலாம் என்று இறங்கினால் சலித்துப்போவீர்கள். இந்த வாரம் நோட்டுப் போடுங்கள். அடுத்த வாரம் மருத்துவரிடம் நாள் கேளுங்கள். பிறகு ஒரே ஒரு பெட்டையைப் பிடித்துக் கருத்தடை செய்து, காதில் அடையாளத்தோடு அதே மதில்மேல் விடுங்கள். அந்த ஒரு பெட்டைக்குச் செலவழித்த காசு, பிறந்து பட்டினியில் சாகவிருந்த குட்டிகளுக்கு வாங்கிய சோற்றைவிடப் பயன் தரும். சோற்றுத் தட்டை எடுக்கும் ஒவ்வொருவரும் கூண்டையும் எடுக்க வேண்டும் என்பதே இந்த நூல் உங்களிடம் வைக்கும் வேண்டுகோள்.